ஒளி கூட்டும் விசையும் அதன் வழியும்

(வெள்ளி விழாவையொட்டி நம் சங்கத்தின் இளைஞர் கணினிப் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளி விழாக் காலத்தில் பேசுவதற்குப் பெரிய பொருள்கள் பல உண்டு. அவற்றைப் பேசத் தகுதி வாய்ந்த பெரியோர்களும் இங்கே வீற்றிருக்கின்றனர். நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பதோ மிகச் சிறிய பொருள். மடிக்கணினியின் விசைப்பலகையில் சூரியனின் படம் பொறித்த இரண்டு விசைகள் இருக்கின்றன. ஒன்று திரையின் ஒளியைக் கூட்டும், மற்றொன்று குறைக்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்விரண்டும் வேலை செய்யாமற் போனால் என்ன செய்வது என்பதே இன்றையப் பேச்சு.

இதற்கும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் படிக்கும் இடத்தை அவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும். பகலில் வீட்டுக்குள்ளே புழுக்கம். வெளியே திண்ணையில் உட்கார்ந்தால் உப்பளத்து வெள்ளைக் குவியல்களில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பறிக்கிறது. ஒளியை முழுதும் கூட்டினாலன்றித் திரையில் எழுத்துத் தெரியாது. இரவிலோ ஒற்றை அறை. விடியுமுன் அளத்துக்கோ துறைமுகத்துக்கோ போக வேண்டிய தந்தை ஒரு பக்கம் படுத்திருக்கிறார். தம்பி தங்கையர் மறுபக்கம். ஒளியைக் குறைத்தாலன்றி ஒருவர் படிக்க, மற்றவர் உறங்குதல் இயலாது. மின்சாரம் நின்றுபோன நாளில் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் இவ்விசைகளைப் பொறுத்ததே. மின்கலத்தை மிகுதியாக உண்ணும் உறுப்புகளுள் திரை விளக்கும் ஒன்று. தனி அறையும் குளிர்சாதனமும் உடையார்க்கு இது வசதி; நமக்கு இது படிப்பு.

லினக்ஸ் எப்படி நம் வீடுகளுக்குள் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர்க்கும், கல்லூரி மாணவர்க்கும் அக்கணினிகள் கிடைத்தன. நம் தெருக்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதற் கணினி அதுவே. எல்காட் நிறுவனத்தின் வழியே வந்த அப்பெட்டிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்திருந்தது. பாஸ் என்பது நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது, தமிழிலும் இயங்குவது. எல்காட் தன் சொந்த அலுவலகங்களில் லினக்ஸைப் புகுத்தத் தொடங்கியது அதற்கும் முன்பே, சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில்.

அந்நாளில் நம் மாணவர்களுட் பலர் பாஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டனர். ஏன் என்று கேட்டால், “அதில் வெளிச்சம்கூடக் குறைக்க முடியவில்லை” என்பதே பலரும் சொன்ன விடை. ஒரு விசையின் பொருட்டு ஓர் இயங்குதளத்தையே கைவிட்டார்கள். காலம் உருண்டது. விண்டோஸ் ஏழுக்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் பத்துக்கானது 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய பெட்டிகளால் அதற்கடுத்த விண்டோஸைச் சுமக்க முடியாது. அவற்றைக் குப்பையில் எறியாமல் இளையவர்க்குக் கொடுக்க வேண்டுமானால், இன்று கைகொடுப்பது லினக்ஸே. ஆகவே அன்று கைவிட்ட அந்த விசையிடம் நாம் திரும்பி வர வேண்டியவர்களாக இருக்கிறோம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்குவோம். நம் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தியின் கணினித் திரை ஒருநாள் கறுத்துப்போயிற்று. பழுது பார்க்கும் கடையொன்றில் காட்டியபோது, “டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்றனராம். கேட்ட தொகை அவ்வீட்டின் ஒரு மாத அரிசிச் செலவுக்கும் மேல். வகுப்பில் நாங்கள் செய்தது ஒன்றே. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைத் திரையின்மேல் சாய்வாக அடித்தோம். படம் மங்கலாக உள்ளே தெரிந்தது! கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நாங்கள் கூறவில்லை. திரை கறுத்தால் திரையை மாற்றுவது அவர்கள் பழகிய வழி. ஆராய்வதற்கு அவர்களுக்கு நேரமில்லை. ஆராய வேண்டியவர்கள் நாம்தாம். ஏனெனில் பணம் நம்முடையது.

டார்ச் வெளிச்சம் காட்டிய உண்மை இதுதான். மடிக்கணினித் திரையின் படிகங்கள் தாமாக ஒளிர்வதில்லை. அவை சன்னல் திரைச்சீலை போன்றவை. ஒளியை விடவும் தடுக்கவும் வல்லவை, அவ்வளவே. ஒளி பின்னாலிருக்கும் எல்.இ.டி. விளக்கிலிருந்து வருகிறது. படம் உள்ளே தெரிந்தால் திரை கெடவில்லை என்றும், விளக்கு எரியவில்லை என்றும் பொருள். விளக்கு எரியாமைக்கு அது பழுதானது காரணமாகலாம். எரியச் சொல்லி அதற்கு ஆணை போகாததும் காரணமாகலாம். அம்மாணவியின் கணினியில் ஒளியளவைக் குறிக்கும் எண் சுழியில் நின்றிருந்தது. வகுப்பிலிருந்த பெரிய திரையொன்றை இணைத்து அந்த எண்ணை மாற்றினோம். செலவு ஒன்றுமில்லை.

இனி, ஆணை போகும் வழியைப் பார்ப்போம். விரல் விசையை அழுத்துகிறது. விசைப்பலகை அதை ஓர் எண்ணாக மாற்றி, இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலிடம் சேர்க்கிறது. கெர்னல் அதனைத் திரையரங்கை ஆளும் மேசைச்சூழலுக்குச் சொல்கிறது. மேசைச்சூழல் “இவ்வளவு ஒளி வேண்டும்” என்று கெர்னலிடமே திருப்பிக் கேட்கிறது. கெர்னலின் ஓட்டுநிரல், அதாவது டிரைவர், விளக்குக்கு ஆணையிடுகிறது. விரலுக்கும் விளக்குக்கும் இடையே இத்தனை கைகள். ஏதோ ஒரு கை வாங்கியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. அது எந்தக் கை என்று கண்டுபிடித்தால் வேலை பாதி முடிந்தது.

ஒவ்வொரு கையாகச் சோதித்தால் பொழுது போய்விடும். வழியின் நடுவிலே கை வைப்பதே சிறந்த முறை. கட்டளைகளின் ஆங்கில எழுத்துக்கூட்டைப் பயிற்சி அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். இங்கே ஒலிப்பை மட்டும் சொல்லிச் செல்கிறோம். டெர்மினலைத் திறந்து, ‘சிஸ்’ என்னும் அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘பேக்லைட்’ என்னும் அடைவைப் பாருங்கள். விளக்கை ஆளும் டிரைவர் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓர் உள்ளடைவு இருக்கும். அதனுள்ளே ‘மேக்ஸ் பிரைட்னஸ்’ என்னும் கோப்பில் உச்ச அளவு எழுதப்பட்டிருக்கும். ஒரு கணினியில் 15 என்றிருக்கும், மற்றொன்றில் 255, வேறொன்றில் நாலாயிரத்துக்கும் மேல். ‘பிரைட்னஸ்’ என்னும் கோப்பில் நாம் கேட்ட அளவு இருக்கும். உச்சத்தில் பாதியளவு எண்ணை அக்கோப்பில் எழுதிப் பாருங்கள். விளக்கு கூடினாலும் குறைந்தாலும் வழியின் பின்பாதி நலமாக இருக்கிறது. குறை விசையின் பக்கத்தில். எண்ணை எழுதியும் விளக்கு அசையவில்லையென்றால் குறை விளக்கின் பக்கத்தில்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். அக்கோப்பில் எழுதும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. ‘எக்கோ’ கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ சேர்த்து, அம்புக்குறியால் கோப்புக்குள் செலுத்தினால் “அனுமதி இல்லை” என்றே விடை வரும். ஏனெனில் அம்புக்குறியின் வேலையைச் செய்வது சாதாரண உரிமையுடைய ஷெல். சூடோவின் அதிகாரம் எக்கோவோடு நின்றுவிடுகிறது. எண்ணை எக்கோவால் அனுப்பி, ‘சூடோ டீ’ என்பதன் கையில் கொடுத்து எழுதச் செய்வதே முறை. மற்றொன்று, சுழியை ஒருபோதும் எழுதாதீர்கள். சில கணினிகளில் சுழி என்பது மிகக் குறைந்த ஒளி; வேறு சிலவற்றில் முழு இருள். புதிய லினக்ஸ் பதிப்புகளில், கணினி மீண்டும் தொடங்கும்போது ‘சிஸ்டம்டி’ என்னும் நிரல் ஒளியை உச்சத்தின் ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே போகவிடாமல் காக்கிறது. பழைய பதிப்புகளுக்கு அக்காவல் இல்லை.

குறை விசையின் பக்கம் என்று தெரிந்தால் கவலை குறைவு. மேல்வரிசை விசைகளுக்கு இரட்டை வேலை உண்டு. ‘எஃப்என்’ விசையோடு சேர்த்து அழுத்த வேண்டுமா, தனியே அழுத்த வேண்டுமா என்பதைப் பயாஸ் அமைப்பு தீர்மானிக்கிறது. பல கணினிகளில் எஃப்என் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினால் அது மாறும். இதுவே காரணமாக இருந்து, தீர்ந்துபோன கணினிகள் உண்டு. அதுவும் இல்லையெனில் ‘ஈவிடெஸ்ட்’ என்னும் சிறு நிரலை இயக்கிவிட்டு விசையை அழுத்துங்கள். ஒளி குறைக்கும் விசைக்குக் கெர்னலில் 224 என்றும், கூட்டும் விசைக்கு 225 என்றும் எண்கள் உள்ளன. அவை திரையில் தோன்றினால் விசையின் சொல் கெர்னலுக்கு எட்டிவிட்டது, கேளாதிருப்பது மேசைச்சூழல். அதன் விசைப்பலகை அமைப்புக்குள் சென்று, ‘பிரைட்னஸ் கன்ட்ரோல்’ என்னும் நிரலை அவ்விசைகளோடு பிணைத்துவிட்டால் போதும்.

குறை விளக்கின் பக்கம் என்றால்தான் கதை நீளும். அதைச் சொல்வதற்கு நம் துறைமுகமே நல்ல உவமை தருகிறது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற நம் துறைமுகத்துக்குள் வெளிநாட்டுக் கப்பல் தானாக நுழைவதில்லை. துறைமுகத்துப் பைலட் ஏறி வழி காட்டுகிறார். ஒரு கப்பலில் இரண்டு பைலட்டுகள் ஏறி, ஒருவர் இடம் என்றும் மற்றவர் வலம் என்றும் கூவினால் என்ன ஆகும்? பேக்லைட் அடைவுக்குள் ‘ஏசிபிஐ வீடியோ’ என்று ஒன்றும் ‘இன்டெல் பேக்லைட்’ என்று மற்றொன்றும் சேர்ந்து நிற்கக் கண்டால், நிலைமை அதுவே. மேசைச்சூழல் முதலாமவரிடம் ஆணை கொடுக்கிறது. அவரும் ஆகட்டும் என்கிறார். திரையின் ஓரத்தில் ஒளிப்பட்டை ஏறி இறங்குவதும் தெரிகிறது. ஆனால் சுக்கான் இருப்பதோ மற்றவர் கையில்.

இரண்டு பைலட்டுகள் வந்தது எப்படி? ஏசிபிஐ என்பது கணினியின் மின்சார ஏற்பாடுகளை இயங்குதளம் ஆள்வதற்காக, இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996இல் வகுத்த நெறி. அந்நெறிப்படி விளக்கை ஆளும் முறையைக் கணினி செய்தவர்கள் பயாஸிலேயே எழுதி வைத்தனர். 2012இல் விண்டோஸ் எட்டு வந்தபோது வழக்கம் மாறிற்று. வரைகலைச் சில்லின் டிரைவரே விளக்கை நேராக ஆளத் தலைப்பட்டது. பயாஸிலிருந்த பழைய முறையை அதன்பின் சோதித்துப் பார்ப்பார் இல்லை. பெயருக்கு இருந்தது, வேலைக்கு உதவவில்லை. லினக்ஸோ அதனை நம்பிச் சென்று கெட்டது. விண்டோஸில் வேலை செய்யும் விசை லினக்ஸில் ஏன் ஓய்ந்தது என்பதற்கு விடை இதுதான். கணினியும் கெடவில்லை, லினக்ஸும் மட்டமானதன்று. கணினி செய்தவர் தம் சரக்கை எந்த இயங்குதளத்தோடு சோதித்து அனுப்பினாரோ, அதற்கே அது இணங்கி நடந்தது.

கெர்னலுக்குத் தொடக்கத்திலேயே ஒரு சொல் சொல்லி, எந்தப் பைலட் வேண்டும் என்று நாம் குறிக்கலாம். ‘ஏசிபிஐ பேக்லைட்’ என்னும் குறிப்புக்கு ‘நேட்டிவ்’ என்று மதிப்புக் கொடுத்தால் வரைகலைச் சில்லின் டிரைவர் பொறுப்பேற்கும். ‘வீடியோ’ என்றால் ஏசிபிஐ முறை. ‘வெண்டார்’ என்றால் கணினி செய்த நிறுவனத்துக்குரிய தனி டிரைவர். எது பொருந்தும் என்பது கணினிக்குக் கணினி மாறும். 2012க்குப் பிற்பட்டவற்றில் நேட்டிவை முதலிற் பாருங்கள். அதற்கு முந்தியவற்றில் வெண்டாரையும் விடாது பாருங்கள்.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே நிலையாக எழுதிவிடாதீர்கள். இக்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை மூத்தோர் நினைவுகூர்வர். 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர். அதன்பின் பார்கள் அதற்கு இடம் தரவில்லை. அக்காலத்தில் குளிப்பு அறிவிக்குமுன், பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். நீங்களும் மாதிரி பாருங்கள். கணினி தொடங்கும்போது வரும் ‘கிரப்’ பட்டியலில் ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் தொடக்க வரிகள் திறக்கும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் அக்குறிப்பைச் சேர்த்து, ‘எஃப் பத்து’ விசையை அழுத்துங்கள். அம்முறைக்கு மட்டுமே அது செல்லும். அடுத்த முறை தானே மறைந்துவிடும். விசைகள் வேலை செய்தனவானால், ‘ஈடிசி’ அடைவில் ‘டீஃபால்ட்’ என்பதற்குள் உள்ள ‘கிரப்’ கோப்பில் அச்சொல்லை எழுதி, ‘அப்டேட் கிரப்’ கட்டளையைக் கொடுங்கள். இல்லையெனில் வேறொரு மாதிரி பாருங்கள்.

அந்த வரியைத் திறக்கும்போதே ‘நோமோட்செட்’ என்னும் சொல் அங்கே கிடக்கிறதா என்று கவனியுங்கள். நிறுவும்போது படம் தெரியவில்லை என்று ‘பாதுகாப்பான வரைகலை’ முறையைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணினியில் அது நிலைத்துவிடுவதுண்டு. அச்சொல் உள்ளவரை சில்லின் முறையான டிரைவர் வேலைக்கே வராது. பேக்லைட் அடைவு வெறுமையாக இருக்கக்கூடும். அதை நீக்கிப் பார்த்த பிறகே மற்றவை.

இன்னொரு செய்தி. பல டிரைவர்கள் ஒரே விளக்குக்கு உரிமை கொண்டாடும் இக்குழப்பத்தை, கெர்னலின் 6.1ஆம் பதிப்பு பெரிதும் களைந்தது. 2022 டிசம்பரில் வெளிவந்த அப்பதிப்பு முதல் ஒரு திரைக்கு ஒரு பைலட் என்பதே ஏற்பாடு. இவ்வேலையை முன்னின்று செய்தவர் ஹான்ஸ் டி கோடா என்னும் நிரலர். பயன்படுத்துவோரிடம் அவரவர் கணினிகளில் சோதித்துச் சொல்லுமாறு கேட்டு வாங்கிச் செய்த திருத்தம் அது. ஆகவே குறிப்புச் சொற்களைத் தேடி அலையுமுன், ‘யூநேம்’ கட்டளையால் உங்கள் கெர்னலின் பதிப்பைப் பாருங்கள். பழையதாயின் முதலில் அதைப் புதுப்பியுங்கள். எளிய மருந்தை முதலிற் கொடுப்பதே நல்ல வைத்தியம்.

போலி மருந்து ஒன்றும் உலவுகிறது. ‘எக்ஸ்ரேண்டர்’ என்னும் கட்டளையால் ஒளியைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்லித் தருகின்றனர். அது விளக்கைத் தொடுவதே இல்லை. படத்தின் நிறங்களைக் கறுப்பாக்கிக் காட்டுகிறது. பின்னால் விளக்கு முன்போலவே எரிந்து மின்கலத்தைத் தின்றுகொண்டிருக்கும். விளக்கைக் குறைப்பதற்குப் பதில் கண்ணாடிமேல் புகை படியவிடுவது போன்றது அது. உறங்குவோர்க்கு உதவும்; மின்சாரம் நின்ற இரவில் உதவாது.

உண்மையாகவே விளக்கு பழுதாவதும் உண்டு, அதை மறைக்கலாகாது. கணினியை இயக்கியவுடன் வரும் நிறுவனச் சின்னமும், பயாஸ் திரையும், இருந்தால் விண்டோஸும், எல்லாமே இருளாகத் தோன்றி, டார்ச் வெளிச்சத்தில் மட்டும் படம் தெரியுமானால் ஐயம் விளக்கின்மேலும் அதன் கம்பியின்மேலும் செல்ல வேண்டும். மூடியைத் திறந்து மூடும் கீல் வழியே செல்லும் கம்பி நாளடைவில் நைந்துபோகும். நம் ஊர் உப்புக் காற்று உலோக முனைகளை அரிப்பதும் உங்களுக்குத் தெரியாததன்று. மூடியை அசைக்கும்போது வெளிச்சம் வந்து வந்து போனால் கம்பியே குற்றவாளி. அப்போது கடைக்குத்தான் செல்ல வேண்டும். ஆனால் செல்லும்போது, “படம் உள்ளே தெரிகிறது, பேக்லைட் வரவில்லை, கம்பியை முதலில் பாருங்கள்” என்று சொல்லுங்கள். திரை முழுவதையும் மாற்றும் பேச்சுக்கு முன் கம்பியைக் கழற்றிப் பார்ப்பார்கள். கழற்றும்போது அருகிலிருந்து நீங்களும் பாருங்கள். பார்க்கக் கூடாது என்றால் வேறு கடை இருக்கிறது.

இச்செய்திகளெல்லாம் ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கின்றன. தமிழிலும் கட்டற்ற மென்பொருள் பற்றிக் ‘கணியம்’ இதழ் 2012 முதல் எழுதி வருகிறது, தேடிப் படியுங்கள். ஆயினும் நம் கைகளில் இருக்கும் இக்கணினிகளுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்பதை வேறெவரும் நமக்காக எழுதி வைக்கப் போவதில்லை. அதற்காகப் பயிற்சி அறை மேசைமீது ஒரு நீள ஏட்டை வைத்திருக்கிறோம். கணினியின் நிறுவனப் பெயர், மாதிரி எண், கெர்னல் பதிப்பு, பேக்லைட் அடைவில் கண்ட பெயர்கள், உச்ச அளவு, வேலை செய்த சொல், வேலை செய்யாத சொற்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். வேலை செய்யாதவற்றையும் எழுத வேண்டும். அடுத்து வருபவர்க்கு அரைமணி நேரம் மிஞ்சும். வரும் ஞாயிறன்று வீட்டில் கிடக்கும் பழைய கணினிகளை, மின்னேற்றியோடு எடுத்து வாருங்கள். டார்ச் ஒன்றும் கொண்டு வாருங்கள். இங்கே இருப்பது ஒன்றே ஒன்று.